காம் டவுன், காந்திமதி!

அநீதி இழைக்கப்பட்டவர் பெயர் காந்திமதி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், எங்கள் தெருவுக்கும் சுற்றுவட்டத்துக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். என் அம்மா. இழைத்தவர் பெயர் உதயசூரியன். கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் அப்பா. பெயர்தான் உதயசூரியன். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் உதிப்பது சாயங்காலம்.

அநீதி நடந்த விதம்: அம்மா தையல் மெஷின் போட்டிருக்கும் முன் ரூமை, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல், கம்பெனி கேண்டீனில் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டே இன்னொருவருக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததை வீட்டுக்கு வந்து கொஞ்சம் பயந்தாவது சொன்னாரா? இல்லை. ரசத்துக்கு அப்பளம் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம இசக்கிபாண்டி வரான். நம்ம லைன் பையன். கூட பொண்டாட்டியும் வருது. முன் ரூம காலி பண்ணி வெச்சுடு."

"எந்த முன் ரூம?"

"நம்ம வூட்டுக்கு எத்தினி முன் ரூம் கீது?"

"அங்க என் மெஷின் கீதுங்க!"

"அத்த தூக்கி மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கோ."

மாடிப்படிக்குக் கீழே இப்போது குடியிருப்பது ஒரு காலி சிலிண்டர், ஒரு செத்துப்போன ஏர்கூலர், ஒரு பூனை. பூனையே அங்கே நிமிர்ந்து உட்காராது. அம்மா அங்கே உட்கார்ந்து எம்ப்ராய்டரி ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்ட வேண்டுமாம்.

முன் ரூம் என்றால் வெறும் ரூம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பெண்கள் முதல் கார் கம்பெனி ரிசப்ஷனிஸ்ட் வரை வந்து உட்கார்ந்து, அளவு கொடுத்து, அழுது, சிரித்து, மாமியாரைத் திட்டிவிட்டுப் போகும் இடம் அது. அதைவிட முக்கியம், இந்த வீட்டில் அப்பா கதவைத் தட்டிவிட்டு நுழைகிற ஒரே இடம் அதுதான். அதைத்தான் தானம் பண்ணிவிட்டு வந்து அப்பளம் கேட்கிறார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். குரலை மேலே எடுத்தார்.

"நீங்க குடுக்கறதுக்கு அது இன்னா உங்க கம்பெனி கைப்பிடியா? இருவது வருஷமா நான் உக்காந்து முதுவு ஒடிஞ்ச எடம்! யாரக் கேட்டுக் குடுத்தீங்க? அன்னிக்கு பண்டிகைக்கு மொதல் நாளு உங்க அக்கா பையன்..."

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார். இடது கையில் சோறு இல்லாததால் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, டிபன் பாக்ஸ் மூடியை அமுக்குவதுபோல் காற்றை மெதுவாக அமுக்கினார். கண்களை அரைவாசி மூடினார். சொன்னார்:

"காம் டவுன், காந்திமதி. காம் டவுன்."

முதல் அநீதி ரூம். இரண்டாவது அநீதி இது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லாமல் இருக்கிற ஜாதியில்லை நான். ஆங்கில இலக்கியம் முதுகலை, இரண்டாம் ஆண்டு, பேச்சுப் போட்டியில் மூன்று கோப்பை.

இந்த 'காம் டவுன்' எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? கம்பெனியில் சூப்பர்வைசர்களை எல்லாம் ஏசி ஹாலில் உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்தார். தொழிலாளர்களைப் பார்த்துக் கத்தாதீர்கள், திட்டாதீர்கள், மென்மையாக இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லுங்கள், கூடவே இப்படிக் கையைக் காட்டுங்கள் என்றார். பயிற்சி முடிந்ததும் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட் கம்பெனியிலேயே தீர்ந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் வீட்டுக்கு வந்தது.

வந்த நாளிலிருந்து அப்பா அதை எல்லோருக்கும் விநியோகம் செய்தார். காய்காரம்மா சில்லறை இல்லை என்று கத்தினால் காம் டவுன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் காம் டவுன். ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது. அதற்கும் சொன்னார். அது மரியாதை தெரிந்த குக்கர், அடங்கிவிட்டது. அதிலிருந்து அவருக்கு அந்த வார்த்தையின் மேல் பக்தியே வந்துவிட்டது.

"அப்பா, அதுக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று நான் குறுக்கே போனேன்.

"அமைதியா இருன்னு அர்த்தம். இதுக்கு எம்.ஏ. படிக்கணுமா?"

"அது அகராதி அர்த்தம். நான் கேக்கறது புழக்கத்துல இருக்கற அர்த்தம்."

"ரெண்டும் வேற வேறயா? உங்க காலேஜ்ல ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வெச்சி ரெண்டு பீஸ் வாங்குறானுங்களா?"

பொறுமையாக விளக்கினேன். புயல் காம் டவுன் ஆகலாம். அழுத குழந்தை காம் டவுன் ஆகலாம். நம்மை நாமே காம் டவுன் செய்துகொள்ளலாம். அதுவரை அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வில்லங்கம் எங்கே வருகிறது? ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ஏவும்போது வருகிறது. யார் யாரைப் பார்த்து ஏவுகிறார் என்று பாருங்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் ஏற்கனவே பிதுங்கும் ஆட்டோவில் இன்னொரு ஆளைத் திணிக்கிறார். உள்ளே நசுங்கும் அக்கா கத்துகிறார். "காம் டவுன் மேடம்" என்கிறார் டிரைவர். அடுத்த நிமிஷம் டிராபிக் போலீஸ்காரர் அதே டிரைவரைப் பார்த்துக் கத்துகிறார். டிரைவர் போலீஸ்காரரிடம் 'காம் டவுன்' சொல்கிறாரா? தலையைச் சொறிகிறார். பேங்க்கில் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரிடம் சொல்வார். வெளியே நிற்பவர் உள்ளே திருப்பிச் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. அந்தச் சொல் எப்போதும் மேலேயிருந்து கீழேதான் ஓடும், தண்ணீர் மாதிரி.

"நீங்க உங்க மேனேஜர் கத்தும்போது அவர்கிட்ட சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

"பைத்தியமா உனக்கு? வருஷம் பூரா நைட் ஷிப்ட் போட்டுடுவான்."

"அதான் அர்த்தம்."

"எது?"

"நீ சொல்றது எனக்குக் கேக்கல, ஆனா நீ கத்தறது எனக்குத் தொந்தரவா இருக்கு. அதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். அம்மா ரூமப் பத்திப் பேசறாங்க. நீங்க அம்மா குரலப் பத்திப் பேசறீங்க. பேச்சையே மாத்திட்டீங்க. இது எவ்வளவு பெரிய..."

அப்பா இடது கையைத் தூக்கினார்.

"நீயும் காம் டவுன் ஆவு."

மூன்று கோப்பை வாங்கியவள் நான். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "பிரியா, இவ்ளோ நேரம் இன்னாவோ சொல்லிகினு இருந்தியே, அந்த இங்கிலீஷு. அத்த எனக்குச் சுருக்கமா சொல்லு."

சுருக்கமாகச் சொன்னேன். அதிகாரம், மொழி, உணர்ச்சி, பெண் குரல் என்று நான்கு தலைப்பில் சொன்னேன். அம்மா இரண்டு குண்டானைத் தேய்த்து முடித்தார்.

"அதாவது, 'வாய மூடு'ன்றதுக்கு டை கட்டி வுட்டிருக்கானுங்க."

நான் இந்த வருஷம் எழுதப்போகும் ஆய்வு முழுவதையும் குழாயடியில் ஒரே வரியில் முடித்துவிட்டார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமையும் ரூம் சண்டை ஓயவில்லை. அம்மா கேட்டார், அப்பா கையால் அமுக்கினார். அம்மா இன்னும் கேட்டார், அப்பா இன்னும் அமுக்கினார். அமுக்க அமுக்க அம்மா குரல் ஏறியது. அடிபம்பைக்கூட அப்படி அமுக்க வேண்டியதில்லை. கடைசியில் அப்பா ஹாலின் நடுவில் வந்து நின்றார். பெரிய சபதம் எடுக்கப்போகிறவர்கள் நிற்கிற மாதிரி நின்றார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்ததுதான் கொஞ்சம் இடித்தது.

"இன்னியோட இந்த வூட்ல சத்தம் கிடையாது. எங்க லைன்ல எத்தினி பேரு வேல செய்றாங்க தெரியுமா? ஒருத்தன் கத்த மாட்டான். ஏன்?"

"காதுல பஞ்சு வெச்சிகினு இருப்பீங்க," என்றார் அம்மா.

"அதில்ல. கயிறு! லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். எவனுக்கு இன்னா பிரச்சன இருந்தாலும் கத்தக் கூடாது. கயித்த இழு. சிவப்பு லைட் எரியும். சூப்பர்வைசர் ஓடி வருவாரு. விசாரிப்பாரு. முடிஞ்சுது. அதே மாதிரி இங்கயும் கட்டப் போறேன். உனக்குக் கோவம் வந்தா இழு. நான் வரேன்."

அரை மணிநேரத்தில் கட்டியே விட்டார். துணி காயப்போடும் நைலான் கயிறு, அடுப்படியிலிருந்து ஹால் வரை. நடுவில் கொக்கி. கொலுவுக்கு வாங்கிய சிவப்பு பல்பு, வாசற்படிக்கு நேர் மேலே. கயிற்றை இழுத்தால் சுவிட்ச் விழும். வேலையில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம்கூடத் தொங்காமல் கட்டியிருந்தார்.

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா இழுப்பார். இவர் போவார். உள்ளங்கையைக் காட்டுவார். இரண்டு வார்த்தை. லைட் ஆஃப். கோபத்துக்கே அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிட்டார் மனுஷன்!

அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவோ பல்பைப் பார்த்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்போல் பவ்யமாகக் கேட்டார்.

"ஏங்க, இத்த யாரு வேணா இழுக்கலாமா?"

"யாரு வேணா. புதுசா வந்த ஹெல்பரும் இழுக்கலாம்."

"இழுத்தா லைன் ஓடிகினு இருக்குமா, நின்னுடுமா?"

"நின்னுடும். பிரச்சன தீர்ற வரைக்கும் ஒரு கைப்பிடி நகராது."

"லைட்ட யாரு அணைக்கிறது? சூப்பர்வைசரா?"

அப்பாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தன் லைனைப் பற்றி வீட்டில் யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதே இல்லை. "அங்கதான் விஷயம் கீது! சூப்பர்வைசர் தொடக் கூடாது. மேனேஜர் தொடக் கூடாது. ஜப்பான்லேர்ந்து பெரியவரே வந்தாலும் தொடக் கூடாது. எவன் இழுத்தானோ அவன் வந்து 'ஓகே'ன்னு சொல்லணும். அப்பத்தான் அணையும்."

"அப்டியா! நல்ல சட்டம்ங்க."

"சும்மாவா? இத்த மீறி ஒருத்தன் தானா லைட்ட அணைச்சான். நான்தான் அவனுக்கு மெமோ வாங்கிக் குடுத்தேன்."

"இங்கயும் அதே சட்டம்தான?"

"அதே சட்டம்! ஒரு எழுத்து மாறாது!"

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சண்டை போட்டேன். "என்னம்மா நீ! உன் கோபத்துக்கு அவர் சுவிட்ச் வெச்சிருக்கார், நீ நல்ல சட்டம்ன்ற! இது எவ்வளவு பெரிய அவமானம்னு..."

"கம்முனு இருடி. உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

வெள்ளிக்கிழமை அப்பா ஷிப்ட் முடித்து வந்தார். ஷூவைக் கழற்றினார். "டீ," என்றார்.

பதிலுக்கு சிவப்பு லைட் எரிந்தது.

அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தான் பெற்ற பிள்ளை முதல் தடவை நடந்ததைப் பார்க்கிற சந்தோஷம். சட்டையைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போனார். உள்ளங்கையை விரித்தார். கண்ணை அரைவாசி மூடினார்.

"காம்..."

"ஒரு நிமிஷம்ங்க," என்றார் அம்மா. குரல் ஏறவே இல்லை. "கம்பெனில கயித்த இழுத்த ஆளுகிட்ட வந்து இத்தத்தான் சொல்லுவீங்களா?"

கை பாதியில் நின்றது.

"எத்த?"

"இந்த காம் டவுனு."

"சே, சே. அது எப்படி? அவன் எதோ தப்பு நடக்குதுன்னுதான இழுத்திருக்கான்! அவன்கிட்டப் போயி இத்த சொன்னா எனக்கே மெமோ வரும்."

"பின்ன இன்னா சொல்லுவீங்க?"

"இன்னாப்பா டிஃபெக்ட்டு, காட்டுன்னு கேப்பேன்."

"கேளுங்க."

இதைத்தானே நான் ஷேர் ஆட்டோ, பேங்க், போலீஸ்காரர் என்று ஊரெல்லாம் சுற்றி வந்து சொன்னேன்! எனக்குக் கிடைத்தது உள்ளங்கை. அம்மாவுக்கு மனுஷன் பதில் சொல்கிறார்! கேட்க வேண்டிய இடம் தெரியாமல் கேட்டுவிட்டேன் போல.

அப்பா தொண்டையைச் செருமினார். "இன்னா டிஃபெக்ட்டு?"

"என்ன ஒரு வார்த்த கேக்காம என் ரூமக் குடுத்தது."

"அது... அத்த அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல டீயப் போடு."

"லைன் நின்னு போச்சுங்க," என்றார் அம்மா. அடுப்பை அணைத்தார். முன் ரூமுக்குப் போனார். மெஷின் சத்தம் கேட்டது.

நின்றது என்றால் எல்லாமும் நின்றது. டீ நின்றது. நாஷ்டா நின்றது. யூனிபார்ம் பக்கெட்டில் ஊறியபடியே கிடந்தது. 'என் மூக்குக் கண்ணாடி எங்க?' என்ற கேள்விக்கு இந்த வீட்டில் பதில் சொல்லும் துறையே மூடப்பட்டது. அப்பா தானே டீ போட்டார். அதைக் குடித்தது யார் என்று கேட்காதீர்கள். வாசலில் ஊற்றினார், அங்கே இன்றுவரை எறும்பு வருவதில்லை. எனக்கும் சாப்பாடு கிடையாது. போராட்டம் என்றால் பொதுமக்களுக்கும் கொஞ்சம் சிரமம் இருக்கும் என்று காலேஜ் கேண்டீனில் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா பல்புக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறினார். கை சுவிட்சுக்கு நேராகப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, மெமோ."

"யாரு குடுப்பா?"

"உங்க மனசாட்சி."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கை சுவிட்சைத் தொடாமலே கீழே வந்தது. இத்தனை வருஷமாக அந்த லைட்டை ஒருத்தனையும் தொட விடாத கை அது. தெய்வத்துக்குப் பொய் சொன்னாலும் சொல்வார், லைனுக்குத் துரோகம் செய்ய அப்பாவால் முடியாது. இறங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பாவம் பார்க்கக் கூடாது என்று உடனே என்னை நானே திருத்திக்கொண்டேன்.

"உங்கம்மா இந்த மாதிரி கத்தாம இருக்கறது எனக்கு பயமா கீது," என்றார் மெதுவாக.

"அமைதியாத்தான இருக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன்தான். அதுக்குன்னு இவ்ளோ அமைதியாவா!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இசக்கிபாண்டியும் வந்தான். ஒல்லியான ஆள், புது மாப்பிள்ளைச் செயின், கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்தும் இருங்காட்டுக்கோட்டையில் பசங்களோடு ஒரே ரூமில் நெருக்கியடித்து இருக்கிறவன் என்று அப்பா சொல்லியிருந்தார். பக்கத்தில் அவன் மனைவி சுகப்பிரியா, தலை நிறைய பூ, கையில் ஒரு துணிப்பை.

"வாப்பா இசக்கி, வா, வா! உள்ள வா!" அப்பா பாய்ந்து போய் வரவேற்றார்.

இசக்கிபாண்டி ஒரு காலை வாசற்படியில் வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். சிவப்பு லைட். வைத்த காலை அப்படியே எடுத்துப் பின்னால் வைத்தான். மனைவியையும் கையை நீட்டித் தடுத்தான்.

"என்ன அண்ணாச்சி, லைன் நின்னு கெடக்கு?"

"அது ஒண்ணும் இல்லப்பா. சும்மா பல்பு. நீ வா."

"எப்படி அண்ணாச்சி வர முடியும்? சிவப்புல கோட்டத் தாண்டப்பிடாதுன்னு நீங்கதான சொல்லித் தந்திய? தாண்டுன பயல அன்னைக்கு என்ன கிழி கிழிச்சிய!"

"டேய், இது வூடுடா!"

"வீடுன்னாலும் கயிறு நம்ம கயிறு மாதிரில்லா இருக்கு." கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான். "இழுத்தது யாரு?"

"நான்தான்பா," என்றார் அம்மா, உள்ளேயிருந்து. கழுத்தில் இஞ்ச் டேப் மாலைபோல் தொங்கியது.

"மதினியா? வணக்கம் மதினி. அப்பம் நாங்க இங்கனயே நிக்கோம். அண்ணாச்சி, ஏன்-ஏன் கேட்டாச்சா?"

நான் புரியாமல் பார்த்தேன். இசக்கிபாண்டியே எனக்கும் சேர்த்து விளக்கினான். லைன் நின்றால் லேசில் ஓடவிட மாட்டார்களாம். 'ஏன்' என்று ஒரு கேள்வி. அதற்கு வரும் பதிலுக்கு மறுபடி ஒரு 'ஏன்'. இப்படி ஐந்து தடவை தோண்டினால்தான் நோயின் வேர் கிடைக்குமாம். வேர் கிடைக்காமல் லைட் அணையக் கூடாதாம்.

"அதுக்கெல்லாம் இப்ப நேரம்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"கேக்கறேன்," என்றார் அம்மா. "என் ரூம ஏன் குடுத்தீங்க?"

அப்பா வாசலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். லைன் சட்டம். தப்ப வழியில்லை. "புதுசா கல்யாணம் ஆன பையன். பொண்டாட்டிய எங்க வெச்சிப்பான்? பாவம்னு குடுத்தேன்."

"நல்ல மனசுதான். கேட்டா நானே சரின்னுகூட சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல?"

"நேரம் இல்ல."

"ஏன் நேரம் இல்ல? கொத்தவரங்கா வாங்காதேன்னு சொல்றதுக்கு மட்டும் தெனமும் போன் பண்றீங்களே!"

"சுத்தி ஆளுங்க இருந்தாங்க காந்தி."

"மூணு முடிஞ்சிட்டு," என்றான் இசக்கிபாண்டி வாசலிலிருந்து.

"ஆளுங்க இருந்தா ஏன் பேசக் கூடாது?"

அப்பா லுங்கி முனையைப் பிடித்தார். மடித்தார். பிரித்தார். "வூட்ல கேட்டுச் சொல்றேன்னு சொன்னா ஒரு மாதிரி நெனச்சிப்பாங்க."

"ஏன் நெனச்சிப்பாங்க?"

"இது அஞ்சாவது அண்ணாச்சி," என்றான் இசக்கிபாண்டி, உதவிசெய்கிற குரலில். "இதுலதான் வேரு வரும். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

தெருவில் போன பால்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டார். அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். சிமெண்ட் தரைக்கு மட்டும் கேட்டது.

"கேக்கல," என்றார் அம்மா.

"எங்க வூட்ல நான் வெச்சதுதான் சட்டம்னு கேண்டீன்ல சொல்லி வெச்சிருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"ஆமா மதினி," என்றான் இசக்கிபாண்டி. "நானே எத்தனையோ மட்டம் கேட்டிருக்கேன். அண்ணாச்சி வீட்டுல ஒரு செருமலு செருமுனா போதும், நீங்க நடுங்கிப் போவியன்னு சொல்லுவாவ."

சுகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பொத்திக்கொள்ள முந்தானை இல்லை. சுடிதார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று, கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரிந்த ஒன்றை இப்போதுதான் அவர் வாயால் கேட்டதுபோல.

"வேரு கெடச்சுது. வைத்தியம்?"

"இனிமே உன்னக் கேக்காம எதுவும் குடுக்க மாட்டேன்."

"ரூம்?"

"உன் ரூம்தான்."

"அந்தக் கை?"

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். ஏதோ கடன் வாங்கி வந்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பின்னால் கட்டிக்கொண்டார். "இனிமே தூக்க மாட்டேன். நீ கத்து. எவ்ளோ வேணா கத்து. நான் கேக்கறேன்."

"ஓகே," என்றார் அம்மா.

லைட் அணைந்தது. இசக்கிபாண்டி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். அடுப்படியில் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டதும் அப்பாவின் கண் கலங்கியே விட்டது. ஆனால் அவருக்கு இன்னும் ஒரு கண்டம் பாக்கியிருந்தது. கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க வேண்டும். கேண்டீன் சிங்கம், தன் லைன் பையன் முன்னால், அவன் மனைவி முன்னால்.

இசக்கிபாண்டியின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார். ஹால் சின்னது, எனக்கு எல்லாம் கேட்டது.

"இசக்கி, தப்பா நெனச்சிக்காத. அந்த ரூமு... இப்போதிக்கு குடுக்க முடியாதுப்பா. பொண்டாட்டியக் கூட்டிகினு நம்பி வந்துட்ட. எனக்கு மூஞ்சியே இல்ல. வேற எடம் கெடைக்கிற வரைக்கும் நான் தெருத்தெருவா அலைஞ்சாவது..."

"அது புதன்கெழமையே தெரியும்லா அண்ணாச்சி," என்றான் இசக்கிபாண்டி. "மதினி அன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டாவ. அவியகிட்ட துணி தைக்கிற ஒரு டீச்சரம்மா வீட்டு மாடி சும்மா கெடந்துச்சி. பேசி முடிச்சுத் தந்துட்டாவ. நேத்தே பாலும் காச்சியாச்சி. நீங்க வாய் தொறந்து சொல்லுத வரைக்கும் மூச்சு விடப்பிடாதுன்னு சொல்லியிருந்தாவ."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா புதுத் தம்பதியைப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கு இன்னாத்துக்குடா வந்தீங்க?"

சுகப்பிரியா துணிப்பையைத் திறந்து காட்டினாள்.

"ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கதுக்கு அண்ணாச்சி. அந்த ரூமுலதான மதினி தைக்காவ?"